அந்த ரைஃபிள் அவரோட சொந்தமா?

கிரீன்வேஸ் சாலை வழியா பஸ்ல போறப்ப அமைச்சர் வீட்டு வாசல்ல நிக்கிற காவலரை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. தோள்ல ஒரு ரைஃபிள் தொங்கும். டிராஃபிக்ல பஸ் நின்னா அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம். அது யாரோட துப்பாக்கி? அரசாங்கத்தோடது. சரி, அடுத்த கேள்வி. ஒரு எஸ்.ஐ. தன் சம்பளக் காசுல அதே மாதிரி ஒண்ணை வாங்கி, வீட்டு பீரோவுல வச்சுக்க முடியுமா?

முடியாது. ஆனா ஏன் முடியாதுங்கிறதுதான் சுவாரஸ்யமான விஷயம்.

நம்ம நாட்டுல துப்பாக்கி பத்தின எல்லாமே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள்ள அடக்கம். அதுக்கான இன்றைய விதிகள் 2016-ல வந்தவை. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா குற்றம்னு சொல்ற அதே சட்டம், 45-ஆவது பிரிவுல ஒரு விலக்கு தருது: அரசு ஊழியர் ஒருவர் தன் பணியின் போக்கில் ஆயுதம் வைத்திருந்தால் இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. கவனிச்சுப் படிங்க. விலக்கு போலீஸ்காரருக்கு இல்ல, போலீஸ் வேலைக்கு. டியூட்டி முடிஞ்சதும் ரைஃபிள் ஆயுத அறைக்குத் திரும்பணும். தோட்டாக்களை எண்ணி, பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். சில பணிகள்ல கைத்துப்பாக்கி அதிகாரியோட கூடவே இருக்கும். அப்பவும் அது அரசுக் கணக்குல இருக்கிற பொருள்தான்.

சொந்தக் காசுல வாங்குறது 'பணியின் போக்கு' ஆகாது. அந்த நிமிஷம் அவர் உங்களையும் என்னையும் போல ஒரு குடிமகன். 21 வயசு ஆகியிருக்கணும், விண்ணப்பம் போடணும், விசாரணை அறிக்கை வரணும். சென்னையில லைசென்ஸ் தர்றவர் மாநகர காவல் ஆணையர். அதாவது தன் மேலதிகாரியோட வேப்பேரி அலுவலகத்துலேயே மனு கொடுத்துட்டுக் காத்திருக்கணும்! 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் 2 துப்பாக்கிதான் வச்சுக்கலாம் (முன்னாடி 3). லைசென்ஸ் காலம் 3 வருஷத்துல இருந்து 5 வருஷம் ஆச்சு.

லைசென்ஸ் கிடைச்சாலும் டியூட்டி ரைஃபிள் கிடைக்காது. இங்கதான் நம்ம மெக்கானிக்கல் பசங்க உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' என்பதைச் சட்டம் தோற்றத்தை வச்சுச் சொல்லல, இயக்கத்தை வச்சுச் சொல்லுது. டிரிகரை அழுத்தினா, விரலை எடுக்கிற வரைக்கும் அல்லது மேகசின் காலியாகிற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தா அது தடை செய்யப்பட்ட ஆயுதம். ஏ.கே.-47 இதுல நேரா மாட்டிக்கும். இன்சாஸ் ரைஃபிளோ ஒரு அழுத்தத்துக்கு 3 தோட்டாவோட நின்னுடும், அப்ப தப்பிச்சிடுமேன்னு கேட்கத் தோணும். தப்பாது. 2016 விதிகளோட முதல் பட்டியல்ல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில வருது. அதோட .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவை ஏத்துக்கிற எந்த ரைஃபிளும் அதே வகைதான். கையால போல்ட்டை இழுத்துச் சுடுற பழைய .303 கூட!

கைத்துப்பாக்கிக்கும் இதே கதை. போலீஸ் பயன்படுத்துற 9 மி.மீ. தோட்டா சாமானியருக்கு இல்லை. அதனாலதான் நம்ம ஊர்ல தனியார் கைத்துப்பாக்கின்னா பெரும்பாலும் .32, ரைஃபிள்னா .315. ராணுவத் தோட்டா அந்த சேம்பர்ல உட்காராது. திருட்டுத் தோட்டாவுக்கு வெளியில வேலை இல்லாம பண்றதுக்கு, டிசைன் அளவிலேயே போட்ட பூட்டுன்னு இதைச் சொல்லலாம்.

ஒரு சின்ன கதவு இருக்கு. உயிருக்குக் கடுமையான ஆபத்து உள்ளவர்கள், பதவியின் காரணமாகவோ வேலையின் தன்மையாலோ ஆபத்தை எதிர்நோக்கும் அரசு அதிகாரிகள் போன்றவங்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் தனியா பரிசீலிச்சு லைசென்ஸ் தரலாம். அது டெல்லி முடிவு, வேப்பேரி முடிவு இல்ல. அனுமதி இல்லாம வச்சிருந்தா என்ன ஆகும்னு சஞ்சய் தத்தைக் கேட்டாத் தெரியும். ஏ.கே.-56 வச்சிருந்த வழக்குல 2013-ல உச்ச நீதிமன்றம் கொடுத்த 5 ஆண்டுதான் அன்றைய குறைந்தபட்சத் தண்டனை. 2019-க்கு அப்புறம் குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் 14.

அமெரிக்காவுல நிலைமையே வேற. 1997 பிப்ரவரி 28-ல லாஸ் ஏஞ்சலஸ் நார்த் ஹாலிவுட்டில் 2 வங்கிக் கொள்ளையர்கள் உடம்பு முழுக்கக் கவசம் போட்டு ஆட்டோமேட்டிக் ரைஃபிளோட வந்தாங்க. போலீஸ் பிஸ்டல் குண்டு அதுல எடுபடல. சில போலீஸ்காரர்கள் பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்கு ஓடிப் போய் ரைஃபிள் வாங்கிட்டு வந்தாங்கன்னா பாருங்க! அதுக்கப்புறம் ரோந்து வண்டியில ரைஃபிள் வைக்கிற வழக்கம் பரவுச்சு. பல துறைகள்ல அதிகாரி தானே வாங்கிக்கலாம். கலிபோர்னியாவில் சாமானியருக்குத் தடையுள்ள ரைஃபிளைக்கூட, துறையின் அனுமதிக் கடிதத்தோட வாங்கலாம். ஆனா ரிட்டயர் ஆனா? வச்சுக்க முடியாதுன்னு 2010-ல அந்த மாநில அட்டர்னி ஜெனரல் கருத்து சொல்லிட்டார். காசு அவரோடது, உரிமை வேலையோடது.

நமக்கும் ஒரு நார்த் ஹாலிவுட் நடந்தது. 2008 நவம்பர் 26, மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையம். ஏ.கே.-வோட வந்தவங்களுக்கு எதிரா ரயில்வே போலீஸ் கையில லத்தியும் பழைய .303-யும். 'நல்ல ரைஃபிளை நானே வாங்கிக்கிறேன், அனுமதி கொடுங்க'ன்னு ஒரு காவலர் கேட்டா, அதுல நியாயம் இல்லைன்னு சொல்லிட முடியுமா? அரசு எடுத்த வழி வேற. துறையே நவீன ஆயுதம் வாங்குறது, 2009-ல சென்னை உட்பட நாலு நகரங்கள்ல என்.எஸ்.ஜி. மையம் வைக்கிறதுன்னு போச்சு. திருச்சி தொழிற்சாலையில தயாராகிற அசால்ட் ரைஃபிளும் படைகளுக்காகத்தான் தயாராகுது, தனி ஆளுக்காக இல்ல.

என் கருத்து, அந்த வழிதான் சரி. காரணம் தூத்துக்குடி. 2018 மே 22-ல சாதாரண உடையில வேன் மேல ஏறி நின்னு குறிபார்த்த காவலர் படம் உங்க மொபைலுக்கும் வந்திருக்கும். 13 பேர் செத்தாங்க. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ் அதிகாரிகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொன்னது; அறிக்கை 2022 அக்டோபர்ல சட்டமன்றத்துல வைக்கப்பட்டது. இப்படி ஒரு விசாரணையில முதல்ல கேட்கிற கேள்வி: எந்தத் துப்பாக்கி, யார் கையில, எத்தனை தோட்டா வெளியே போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு? இதுக்குப் பதில் சொல்றது அந்த ஆயுத அறைப் பதிவேடுதான். ஆளுக்கொரு சொந்த ரைஃபிள், சொந்தத் தோட்டான்னு இருந்தா அந்தக் கணக்கு அவரவர் பீரோவுக்குள்ள போயிடும்.