உடைந்து கிடக்கும் நெடுங்கல்

பிரான்சின் மேற்குக் கரையில் பிரிட்டனி. அங்குள்ள லோக்மரியாகேர் என்ற ஊரில் ஒரு நெடுங்கல் நான்கு துண்டாகக் கிடக்கிறது. சேர்த்து அளந்தால் சுமார் 20 மீட்டர். எடை ஏறக்குறைய 300 டன். பொ.ஆ.மு. 4500 வாக்கில் இது நிமிர்ந்து நின்றது. இரும்பும் சக்கரமும் அறியாத உழவர்கள் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இதை இழுத்துவந்தார்கள். கல்லாலேயே கொத்தி மேனியைச் சமன்படுத்தினார்கள். குழிக்குள் அடிப்பகுதியை இறக்கி, கயிறும் நெம்புகோலும் கொண்டு நிமிர்த்தியிருக்க வேண்டும். வியக்காமல் இருக்க முடியவில்லை.

எதற்காக இத்தனை பாடு? அருகிலுள்ள கார்னாக்கில் 3,000-க்கும் மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புனித கொர்னேலியைத் துரத்திவந்த ரோமானியப் படை அப்படியே கல்லாய்ச் சமைந்தது என்பது ஊர்க்கதை. 1970-களில் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் அலெக்சாண்டர் தாம் வேறொன்று சொன்னார்: சந்திரன் உதித்து மறையும் எல்லைகள் 18.6 ஆண்டுச் சுழற்சியில் மாறுகின்றன. அதைத் தொலைவிலிருந்து குறிபார்க்க நட்ட கல்லே லோக்மரியாகேர் கல்.

அழகான ஊகம்தான். ஆனால் பின்னர் தோண்டியபோது, அந்தக் கல்லை அடுத்து வேறு கற்கள் நின்ற குழிகளும் ஒரே வரிசையில் வெளிப்பட்டன. தனித்து நின்ற குறிக்கல் அல்ல அது. ஒரு வரிசையின் தலைக்கல்.

மற்றக் கற்கள் எங்கே போயின? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று வருகிறது. சில கிலோமீட்டர் தள்ளி, கவ்ரினிஸ் தீவில் ஒரு கல்லறை இருக்கிறது. 1980-களில் அதன் கூரைக்கல்லின் மேற்புறத்தைத் திறந்து பார்த்த தொல்லியலாளர் ஷார்ல்-தங்கி லெ ரூ, அதில் கொம்புள்ள மாட்டின் உருவம் பாதியில் அறுந்து நிற்பதைக் கண்டார். மீதி உருவம் லோக்மரியாகேரின் ‘மார்ஷான் மேசை’ கல்லறைக் கூரையில் இருந்தது. இரண்டும் ஒரே நெடுங்கல்லின் துண்டுகள்!

சில நூற்றாண்டுகளுக்குள் அதே நிலத்து மக்கள் முன்னோர் நட்டதைச் சாய்த்து, இறந்தவர்களுக்குக் கூரையாக்கியிருக்கிறார்கள். நான்கு துண்டாகக் கிடக்கும் அந்தப் பெரிய கல் நிலநடுக்கத்தில் விழுந்தது என்போரும் உண்டு. ஆனால் இந்தக் கூரைகளைப் பார்த்தபின், வேண்டுமென்றே வீழ்த்தினார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆகவே நெடுங்கல் எதற்கு என்று கேட்கும்போது, எந்தத் தலைமுறைக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. நட்டவர்களுக்கு அது ஊர் எல்லையாகவோ வழிபாட்டிடமாகவோ குலத்தின் பெருமையாகவோ இருந்திருக்கலாம். கவ்ரினிஸ் கல்லறையைக் கட்டியவர்களோ மாட்டுருவத்தை மேல்நோக்கி வைத்து, கற்குவியலால் மூடிவிட்டார்கள். உள்ளே போகிறவர் கண்ணில் அது படவே படாது.