பீடி இலையோடு கரையேறும் நோவுக் குளிசை

இலங்கையின் எத்தாளை, கற்பிட்டிப் பக்கத்துக் கரைகளில் கடற்படை பிடிக்கும் கடத்தல் சாமான் என்றால் பீடி இலை, 2020இன் இறக்குமதித் தடைக்குப் பிறகு மஞ்சள். சில ஆண்டுகளாக பிரிகபலின் குளிசைகளும் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகின்றன. போதைக்காக விழுங்குவோர் பெருகியதால் செய்திகளில் அதன் பெயரே 'போதை மாத்திரை' ஆகிவிட்டது. பாவம், நரம்பு நோவுக்கு அது ஒரு நல்ல மருந்து.

நீரிழிவு முற்றியவர்களுக்குப் பாதம் தணலில் வைத்ததுபோல எரியும். அக்கி ஆறிய பிறகும் சிலருக்குத் தோல் சுள்ளென்று குத்தும். புதுக் காயம் எதுவும் இருக்காது. பழுதான நரம்பு தானாகவே நோவுச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். பனடோலுக்கு அது பெரும்பாலும் அடங்காது. நரம்பு முனைக்குள் கல்சியம் நுழைந்தால்தான் செய்தி அடுத்த நரம்புக்குத் தாவும். கல்சியம் நுழையும் வாசலில் போய் ஒட்டிக்கொண்டு அந்தத் தாவலைக் குறைப்பதே பிரிகபலினின் வேலை. அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் சில்வர்மனின் ஆய்வுகூடத்தில் உருவான இதற்கு அந்நாட்டில் 2004இல் அனுமதி கிடைத்தது.

நோவு நரம்பை மட்டும் பார்த்துத் தணிக்க அதற்குத் தெரியாது. தலை சுற்றும், தூக்கம் தள்ளும், சிலருக்குக் கால் வீங்கும். தலை சுற்றினால் ஆபத்து என்பதால், தோணியில் போகிறவர்கள் இதைப் பற்றி டொக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். மதுவோடோ ட்ரமடோல், மோர்ஃபின் வகை மருந்துகளோடோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 டிசம்பரில் மூச்சுத் தளர்ச்சி பற்றி எச்சரித்தது. பிரித்தானியா அதே ஆண்டு ஏப்ரலிலேயே பிரிகபலினைக் கட்டுப்பாட்டு மருந்தாக்கியிருந்தது.

பலர் கவனிக்காதது சிறுநீரகத்தை. இந்த மருந்து உடலில் அநேகமாகச் சிதைவதே இல்லை, சிறுநீரோடுதான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இரத்தத்திலேயே தேங்கும். நீரிழிவோ சிறுநீரகத்தையும் அரிக்கும் நோய். ஆக, மருந்து தேவைப்படுகிறவருக்கே அளவு குறைக்க வேண்டியும் வரலாம். வழக்கமான தொடக்கம் நாளுக்கு 150 மில்லிகிராம், உச்சம் 600. சிறுநீரகம் ஏறத்தாழ பாதியளவே இயங்குபவருக்கு இரண்டுமே பாதியாகும். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டொக்டர் தீர்மானிக்க வேண்டிய கணக்கு இது. அடுத்த வீட்டுக்காரர் குடித்த அளவு உங்களுக்குப் பொருந்தாது.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்த குளிசையை, செய்தியைப் பார்த்துப் பயந்து சட்டென நிறுத்தவும் வேண்டாம். அப்படி நிறுத்தினால் பதற்றம், வியர்வை, உறக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டொக்டரின் துண்டு இல்லாமல் கைக்குக் கை வரும் குளிசையை மட்டும் தொடாதீர்கள்.