பட்டுல செஞ்சா வாங்குவாங்களா?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு குழுவின் கடன் விண்ணப்பம் வந்தது. 12 பேர் உள்ள குழு. சேமிப்பும் உள்கடனும் ஒழுங்காக நடக்கின்றன, தவணை தவறியதே இல்லை. பட்டில் கைவினைப் பொருள் செய்து விற்கப் போகிறோம், 1 லட்சம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். செய்து கொண்டுவந்த மாதிரிகளையும் மேசையில் பரப்பினார்கள். பட்டுத் துணியில் தைத்த சுருக்குப்பை, ஜிப் வைத்த பர்ஸ், நூல் சுற்றிய வளையல், பட்டுக்கூட்டில் கோத்த மாலை. கையில் வாங்கிப் பார்த்த எல்லாரும் "அழகா இருக்கு" என்றோம். "சரி, யார் யார் காசு குடுத்து வாங்குறீங்க?" என்று பொருளாளர் கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

ஏன் அமைதியானோம் என்று அன்றைக்கு மதியம் வரை உட்கார்ந்து பேசினோம். இதே எண்ணத்தில் வேறு குழுக்களும் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

"இது நிஜப் பட்டா?"

கண்காட்சியில் கடை போட்டவர்களுக்குத் தெரியும். வருகிறவர் முதலில் தொட்டுப் பார்ப்பார். அடுத்து இந்தக் கேள்விதான் வரும். நம் பெண்களில் பாதிப் பேர் "பட்டு மாதிரிதாங்க" என்பார்கள், மீதிப் பேர் "பட்டுதாங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். இரண்டு பதிலுக்கும் வியாபாரம் நடக்காது.

அந்தக் குழுவின் வளையலையே எடுத்துக்கொள்வோம். கடையில் 'பட்டு நூல்' என்று கேட்டு வாங்கிய நூலில் சுற்றியது. பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ஒரு கிலோ பட்டு நூல் எடுக்க நல்ல வெண்கூடு என்றால்கூட 6, 7 கிலோ வேண்டும். மல்பெரி இலை பறித்து, புழு வளர்த்து, கூட்டை வேகவைத்து நூல் இழுக்கிற வேலையெல்லாம் அதில் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கம் புழு வளர்க்கிற தோழிகளைக் கேட்டால் தெரியும். அதனால்தான் பட்டு நூல் கிலோ பல ஆயிரம் ரூபாய் விற்கிறது. அப்படியிருக்க, பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற கண்டு எப்படிப் பட்டாக இருக்கும்? வளையல், தோடு செய்ய விற்கிற அந்த நூலில் பெரும்பாலும் ரேயான், இல்லையென்றால் பாலியஸ்டர். 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருப்பதும் அதுதான். ஆர்ட் என்றால் கலை என்று நாமும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆர்டிஃபிஷியல், அதாவது செயற்கை என்பதன் சுருக்கம் அது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், கரிந்த முனையைத் தேய்த்தால் பொடியாகும். ரேயான் காகிதம் போல மளமளவென்று எரியும், வாடையும் காகித வாடைதான். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறினால் உடைக்க முடியாத உருண்டையாக நிற்கும். பாவு ஒன்றும் ஊடை ஒன்றுமாகக் கலந்து நெய்த துணியும் உண்டு. அதனால் நீளவாக்கு இழையையும் குறுக்குவாக்கு இழையையும் தனித்தனியாகப் பாருங்கள். கூட்டத்திலேயே இந்தச் சோதனையைச் செய்தோம். பர்ஸ் துணி பட்டு. சுருக்குப்பைத் துணியில் ஒரு நிறம் பட்டு, இன்னொன்று இல்லை. தையல்காரரிடம் மொத்தமாக வாங்கிய பிட்டுத் துணியில் இரண்டும் கலந்து கிடந்திருக்கிறது. குழுவினர் முகம் வாடிப்போய்விட்டது, அவர்களே அறியாமல் நடந்த விஷயம்தான்.

பட்டு இல்லாததைப் பட்டு என்று விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி தவறு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த முறை குழுக் கடைப் பக்கமே திரும்ப மாட்டார், பக்கத்துக் கடையில் ஊறுகாய் விற்கிற தோழிக்கும் சேர்த்துத்தான் அந்த நஷ்டம். 'பட்டு நூல் வளையல்' என்பதற்குப் பதிலாக 'நூல் வளையல்' என்று எழுதி 40 ரூபாய்க்கு விற்றாலும் காலேஜ் பிள்ளைகள் வாங்குகிறார்கள். சேலைக்குப் பொருத்தமான நிறம் இருந்தால் போதும் அவர்களுக்கு.

மத்திய பட்டு வாரியம் 2004ல் தொடங்கிய சில்க் மார்க் பற்றியும் ஒருவர் கேட்டார். சுத்தமான பட்டுக்கு அடையாளமாக ஒட்டுகிற சீட்டு அது. பதிவு செய்துகொண்டவர்கள்தான் அதைப் பயன்படுத்தலாம். சில்க் மார்க் உள்ள சேலையில் மிஞ்சிய துண்டில் பை தைத்தோம் என்பதற்காக அந்தச் சீட்டை நம் பையில் ஒட்டக் கூடாது. துணியைக் கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கி, அந்த ரசீதின் நகலைக் கடையில் வைத்துக்கொண்டால் கேட்கிறவருக்குக் காட்டலாம்.

42 ரூபாய் கணக்கு

பர்ஸ் ஒன்றுக்குக் குழு போட்ட கணக்கு இது: துணி 25, லைனிங் 8, ஜிப் 7, நூல் 2. ஆக 42 ரூபாய். 60க்கு விற்றால் 18 லாபம்.

வெட்டித் தைக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று அவர்களே சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி எங்கே? "வீட்டு வேலை முடிஞ்சு சும்மா இருக்கிற நேரம்தானே" என்றார் ஒரு அக்கா. களை எடுக்கப் போனால் சும்மாவா போகிறோம்? மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தோம். பஸ் செலவு, வீணாகிற துணி, கவர் எல்லாம் சேர்த்து 8. அடக்க விலையே 100 ஆகிவிட்டது. கடையில் கொடுத்து விற்கச் சொன்னால் கடைக்காரருக்கு 30 சதவீதம் போகும் என்று வைத்துக்கொண்டாலும், 150 என்று விலை போட்டால்தான் நம் கைக்கு 105 வரும். கடைக்கு வெளியே தொங்குகிற பாலியஸ்டர் பர்ஸ் 60 ரூபாய்.

இப்போது சொல்லுங்கள், 150 கொடுத்து வாங்குவார்களா? சில்லறை போட்டு வைக்கப் பர்ஸ் தேடி வருகிறவர் வாங்க மாட்டார். கூட்டத்தில் நாம் அமைதியானதற்கும் அதுதான் காரணம். நம்மில் யாருக்கும் 150 ரூபாய்ப் பர்ஸ் தேவைப்படவில்லை. கையால் செய்தது என்பதற்காகக் கூடுதலாக 90 ரூபாய் கொடுப்பார்கள் என்று நம்பி 1 லட்சம் கடன் வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அடுத்தவருக்குக் கொடுக்க வாங்குகிறவர் வாங்குவார். நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்க, வளைகாப்பு, காதுகுத்து, கல்யாணத் தாம்பூலம் என்று பட்டுக்கு மதிப்பு இருக்கிற இடங்கள் நம் ஊரிலேயே உண்டு. வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுச் சுருக்குப்பை வைத்தால் வாங்கிக்கொள்கிறவர் முகம் மலரும் என்று கொடுப்பவருக்குத் தெரியும். அவர் 25, 50 என்று மொத்தமாகக் கேட்பார். அங்கே வேறு சிக்கல் வருகிறது. அவருக்கு எல்லாம் ஒரே அளவில் வேண்டும், சொன்ன தேதிக்கு வேண்டும். பிட்டுத் துணியில் ஒரே நிறம் 50 பைக்குக் கிடைக்காது. "நிறம் கலந்துதான் வரும், அளவு மாறாது" என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். இன்னொருவர் பட்டுச் சேலையில் நம் பையின் சிவப்பு இறங்கினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கூட்டு மாலையும் சேலைக் குச்சும்

பட்டுக்கூடு மாலை மேடையில் மரியாதை செய்ய வாங்குகிறார்கள். பூமாலை போல வாடாது என்பதால் அலுவலக விழாக்களில் விரும்புகிறார்கள். இதற்கு நூல் எடுக்கிற முதல் தரக் கூடு தேவையில்லை. பூச்சி வெளியே வந்த ஓட்டைக் கூடும், நூல் இழுக்க உதவாத இரட்டைக் கூடும் விலை குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். முழுக் கூடு என்றால் வெட்டி உள்ளே இருக்கிற புழுவை எடுத்துவிட்டுக் காயவைக்க வேண்டும். விட்டுவிட்டால் நாற்றம் வரும், வண்டு வைக்கும்.

சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுவது இன்னும் பாதுகாப்பான வேலை என்று நினைக்கிறோம். சேலை வாடிக்கையாளருடையது, நூல் செலவு மட்டும் நமது. விற்காமல் தேங்குமோ என்ற பயம் கிடையாது. பட்டுச் சேலை எடுத்தவர் எப்படியும் குச்சுக் கட்டத்தான் போகிறார். துணிக்கடையிலும் தையல் கடையிலும் ஒரு மாதிரித் துண்டைத் தொங்கவிட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாலே ஆள் வருகிறது.

கடைசியில் கடனை ஒத்திவைத்தோம். குழுச் சேமிப்பிலிருந்து 3,000 ரூபாய் எடுத்து 30 பர்ஸும் பையும் மட்டும் செய்யுங்கள், கல்லூரிச் சந்தையில் வையுங்கள், வாங்காமல் போகிறவர் என்ன சொல்கிறார் என்று எழுதி வையுங்கள் என்றோம். கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனார்கள்.

இந்த மாதம் வந்தார்கள். 30ல் 19 விற்றிருக்கிறது. அதில் 7 பை ஒரே அம்மா வாங்கியது, கொலுவுக்கு 40 வேண்டும் என்று முன்பணமும் கொடுத்திருக்கிறார். விற்காத 11ல் பெரும்பாலும் மங்கிய நிறம். நோட்டில் எழுதியிருந்ததை வாசித்தார்கள்: "உள்ளே இன்னொரு அறை இருந்தா நல்லாருக்கும்" என்று நாலு பேர், "விலை ஜாஸ்தி" என்று ஒன்பது பேர், "நிஜப் பட்டா" என்று கேட்டவர்கள் எண்ணவில்லையாம். ரசீதைக் காட்டியதும் ரெண்டு பேர் திரும்பி வந்து வாங்கினார்களாம்.

கடன் விண்ணப்பத்தையும் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். 1 லட்சத்தை அடித்துவிட்டு 15,000 என்று எழுதியிருக்கிறது.