திவால் நோட்டீஸ் வந்தா 'அவர்தான் எனக்குத் தரணும்'னு சொல்லலாமா?

"அவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டார்", "ஐ.பி. போட்டுட்டார்"னு ஊர்ல பேசிக் கேட்டிருப்பீங்க. கடன் வாங்கினவர் தானே கோர்ட்டுக்குப் போய், என்னால முடியலைன்னு கையை விரிக்கிறது அது. இன்னைக்குப் பேசப்போறது அதுக்குத் தலைகீழ்: கடன் கொடுத்தவர் கோர்ட் வழியா அனுப்புற திவால் நோட்டீஸ்.

ஒரு கற்பனைக் கதையை வச்சே பார்ப்போம். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம், உப்பளங்கள் இருக்கிற கடற்கரை ஊர். அங்கே உப்பளம் வச்சிருக்கிற ஒரு அண்ணன், வியாபாரிகிட்ட வாங்கின கடனைக் கட்டலை. வியாபாரி வழக்குப் போட்டு, வட்டி, செலவோட 2.5 லட்சத்துக்கு டிகிரி வாங்கிட்டார். அதுக்கப்புறம் அதே வியாபாரி 3 லட்ச ரூபாய் உப்பை லோடு ஏத்திட்டுப் போய்ப் பணம் தரலை. (ஏன் அவருக்கே வித்தார்னு கேட்காதீங்க. வாங்க வேற ஆள் இல்லைன்னா கோபத்தோடயே விக்க வேண்டியதுதான்.) இப்போ டிகிரியைக் காட்டி நோட்டீஸ் வருது.

இங்கே பொருந்துறது 1920-ம் வருஷத்து மாகாண திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு 1909 சட்டம் தனியா இருக்கு. 2016-ல வந்த புது திவால் சட்டம் இந்தப் பழைய சட்டங்களை நீக்கச் சொன்னாலும், அந்தப் பிரிவை இன்னும் அமலுக்குக் கொண்டுவரலை.

நோட்டீஸ் கையில கிடைச்சதும் குறைஞ்சது ஒரு மாசம் டைம் உண்டு. அதுக்குள்ள பணம் கட்டணும், இல்லை ஜாமீன் தரணும், இல்லை நோட்டீஸை ரத்து பண்ணச் சொல்லிக் கோர்ட்ல மனு போடணும். 'அவரே எனக்குத் தரணும், நான் ஏன் போகணும்'னு சும்மா இருந்தா, அதுவே சட்டப்படி 'திவால் செயல்' ஆயிடும். அதை வச்சு மூணு மாசத்துக்குள்ள உங்களைத் திவாலானவர்னு அறிவிக்கச் சொல்லி அவர் மனு போடலாம். அதுக்குத் தேவையான குறைஞ்சபட்சக் கடன் எவ்வளவு தெரியுமா? 500 ரூபாய். 1920-ல எழுதினது!

ரத்து கேட்க ஒரு காரணம், எதிர்க்கோரிக்கை. ஆனா ரெண்டு நிபந்தனை இருக்கு. அந்தத் தொகை டிகிரித் தொகைக்குச் சமமாவோ மேலாவோ இருக்கணும். அதைவிட முக்கியம், டிகிரி வந்த அந்த வழக்குலயே அதை எழுப்பச் சட்டம் இடம் தந்திருக்கக் கூடாது. பலர் வழுக்கி விழுறது இங்கேதான். நம்ம அண்ணன் உப்பு வித்தது டிகிரிக்குப் பிறகு, அதனால அந்த வழக்குல கேட்டிருக்கவே முடியாது. அவர் மனு நிக்க வாய்ப்பிருக்கு. அதே உப்புப் பாக்கி, வழக்குல அவர் பதிலுரை தாக்கல் பண்ணுறதுக்கு முந்தியே இருந்திருந்தா? அப்பவே எதிர்க்கோரிக்கை வச்சிருக்கலாமேன்னு கோர்ட் கேட்கும். அதுக்காக அந்தப் பாக்கி செத்துப்போகாது. மூணு வருஷக் கெடுவுக்குள்ள தனி வழக்குப் போடலாம். ஆனா இந்த நோட்டீஸை அது தடுக்காது.

பில், எடைச் சீட்டு, லாரி விவரம், வாட்ஸ்அப்ல "அடுத்த வாரம் தர்றேன்"னு அவர் அனுப்பின மெசேஜ், எல்லாத்தையும் மனுவோட சேருங்க. வெறும் வாய்ப்பேச்சு போதாது.

நோட்டீஸ்ல இருக்கிற தொகையையும் கூட்டிப் பாருங்க. தொகை கூடுதலா இருக்குன்னா, அதே கெடுவுக்குள்ள அவருக்கு எழுதித் தெரிவிக்கணும். தெரிவிக்கலைன்னா, தப்புத் தொகை போட்ட நோட்டீஸும் செல்லும்.