டிசம்பரைத் தின்ற டியூஷன்

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓலையில் தங்கள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டுதான் போவார்கள். தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி ஓடும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் கீறல். கரியும் எண்ணெயும் குழைத்த மையை அதன்மேல் தடவி, மாவைத் தூவித் துடைத்ததும், கீறலுக்குள் இறங்கிய கறுப்பு மட்டும் எழுத்தாக எழுந்து நிற்கும். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், 500 பிக்குகள் இந்தக் கற்குகைகளில் கூடி, அதுவரை மனப்பாடமாகவே வந்த பௌத்தத் திரிபிடகத்தை ஓலையில் ஏற்றினார்கள் என்பது மரபு. பஞ்சமும் போரும் வந்த காலம். மனப்பாடமாய் வைத்திருந்தவர்கள் செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்தார்கள்.

நத்தார் இதழுக்கு மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆண்டிறுதி பற்றி எழுதச் சொன்னார்கள். கேக், கரோல், பாலன் குடில் என்று இனிப்பாக எழுதவேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அலுவிகாரைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மனசில் ஓடியது அந்த 500 பேரின் பயம்தான்.

கண்டிப் பக்கம் போகும் பஸ் மாத்தளை டவுனைக் கடந்து, கட்டுகஸ்தோட்டைக்கு வரும். அங்கே மகாவலிக் கரையில் இருக்கிறது புனித அந்தோனியார் கல்லூரி. 1854இல் தொடங்கியவர்கள் ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரோ கிளைத் துறவிகள். அவர்கள் இலங்கைக்கு வந்தது 1845இல். அடுத்த மூன்றாம் வருடமே மாத்தளைக் கிளர்ச்சி, அலுவிகாரையும் அதில் சிதைந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ரயில் மாத்தளையைத் தொட்டது அதற்கு வெகு பின்பு, 1880இல்.

சில்வெஸ்திரோ துறவிகளுக்கு ஆண்டிறுதி என்பது டிசம்பருக்கு முன்பே தொடங்கிவிடும். நவம்பர் 26 அவர்களுடைய கிளையை நிறுவிய புனித சில்வெஸ்தரின் திருநாள். அதை அடுத்து திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகள். ஆனால் இவர்களிடம் எனக்குப் பிடித்தது திருநாள் அல்ல, குசினி. ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு நூலில் 73 அதிகாரங்கள். அதில் 35ஆவது சமையற்கட்டு முறை பற்றியது. நோயாளியும் முக்கிய அலுவல் உள்ளவரும் தவிர எவருக்கும் விலக்கில்லை, வாரம் மாறி வாரம் எல்லோரும் சமைத்துப் பரிமாறவேண்டும். முறை முடிகிறவர் சனிக்கிழமை துவாய்களைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக ஒப்படைக்கவேண்டும். பிறகு அவரும் அடுத்த முறைக்காரரும் சேர்ந்து எல்லோருடைய காலையும் கழுவவேண்டும். சட்டி பானைகளையும் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்கச் சொல்கிறது இன்னோர் அதிகாரம். பள்ளிப் பிள்ளைகளிடம் காலைக் கழுவச் சொன்னவர் யாருமில்லை. ஆனால் சேர்ந்து வேலை செய்து சேர்ந்து சாப்பிடும் வழக்கம் மடத்திலிருந்து விடுதிக்குள் வந்துவிட்டது.

நான் இருந்ததும் மலைநாட்டில் ஒரு மடத்து விடுதிதான், பெயர் வேண்டாம். மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானமே மேசையில் பாணும் பருப்பும் போய், பெரிய பலகைகள் வந்துவிடும். கேக்குக்கு முந்திரி, பிளம்ஸ், புஹுல் தோசி வெட்டுவது பெரிய வகுப்புப் பையன்களின் வேலை. வெட்டும்போது பாட்டுப் பாடவேண்டும். பாட்டு நின்றால் வாயில் ஏதோ போகிறது என்று அர்த்தம், பிரதர் திரும்பிப் பார்ப்பார். குடிலுக்கு மானாப்புல் அறுத்து வருவது தோட்டத்துப் பையன்கள். கல்லில் படர்ந்த பாசியைக் கிழியாமல் உரித்தெடுப்பதில் எங்களில் கெட்டிக்காரன், லயத்தில் மாரியம்மனுக்குக் கரகம் தூக்கும் வீட்டுப் பிள்ளை. மாட்டுத் தொழுவத்தின் கூரை எப்படி இருக்கும் என்று பாதருக்கே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். சிங்களப் பையன்கள் தமிழ்க் கரோலையும் நாங்கள் சிங்களக் கரோலையும் அர்த்தம் தெரியாமலே பாடிக்கொண்டு ஊருக்குள் போவோம். கடைசி நாள் டிரங்குப் பெட்டியை மூட, ஒருவன் மேலே ஏறி உட்காரவேண்டும்.

விடுதிகளில் பிரம்படியும் அரைப்பட்டினியும் இருந்தன, அழுதுகொண்டே தூங்கியவர்கள் இருந்தார்கள், அதுவும் உண்மைதான்.

பரீட்சை முடிவதற்கும் பெட்டி மூடுவதற்கும் இடையில் இருந்த அந்த இரண்டு வாரம் இன்று எங்கே? பெரிய பரீட்சைகளில் ஓ.எல். டிசம்பரிலும் ஏ.எல். ஆகஸ்டிலும் நடந்த காலம் ஒன்று இருந்தது. கொரோனாவில் நாள்காட்டி கவிழ்ந்தது. 2020இன் ஓ.எல். 2021 மார்ச்சுக்குப் போனது, அடுத்தது 2022 மே மாதத்துக்கு. 2024இன் ஏ.எல். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. ஆண்டு முடிவும் வகுப்பு முடிவும் ஒன்றாக வராத வருடங்கள் பழகிவிட்டன. அந்த இடைவெளி முழுவதிலும் டியூஷன் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

மாத்தளையிலும் கண்டியிலும் மதிற்சுவர்களைப் பாருங்கள். நத்தார் வாழ்த்து ஒன்று இருந்தால் டியூட்டரி போஸ்டர் பத்து. டிசம்பர் விடுமுறை என்றாலே 'விசேட வகுப்பு' என்று பிள்ளைக்குப் புரிகிறது. கரோல் பயிற்சிக்கு அழைத்தால் 'சேர், கிளாஸ் இருக்கு' என்கிறான். ஞாயிறு காலையிலாவது டியூஷனை நிறுத்துங்கள் என்று பிக்குகளும் பாதிரிமாரும் கேட்டு அலுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் இரண்டு தரப்பும் ஒரே குரலில் கேட்ட விஷயங்கள் அதிகமில்லை.

தமிழ் மூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் போதாது, டியூஷன் இல்லாமல் கம்பஸ் கிடைக்காது என்பார்கள். சரி. அதற்காக டிசம்பரையுமா?

முத்தையா முரளிதரன் ஒன்பது வயதில் அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டவர். மிதவேகம் போட்டுக்கொண்டிருந்த பையனைப் பதினான்கு வயதில் சுழலுக்கு மாறச் சொன்னவர் பள்ளிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்த யோசனையின் கடைசிக் கணக்கு 800 டெஸ்ட் விக்கெட். பின்னேரம் பையன் மைதானத்தில் நின்றதால்தான் பயிற்றுநரின் கண்ணில் பட்டான். மணியடித்ததும் டியூஷனுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் கதை வேறு.

திரிபிடகத்துக்கு ஓலை கிடைத்தது. மடத்துக்கு 73 அதிகாரம் கிடைத்தது. பாசி உரிப்பதும் பாடிக்கொண்டே முந்திரி வெட்டுவதும் எந்த நூலிலும் இல்லை. ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குக் கையால் செய்துகாட்டி வந்தது. நடுவில் நாலைந்து டிசம்பர் விட்டுப்போனால் செய்துகாட்ட ஆள் இருக்காது.

பெற்றோரே, இந்த டிசம்பரில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், டியூஷன் சேருக்கு போன் பண்ணி 'பிள்ளை வரமாட்டான்' என்று சொல்லுங்கள். குடிலுக்குப் புல் அறுக்க ஆள் வேண்டும்.