உங்கள் மொபைல் யாரை நம்புகிறது?

மொபைல் போனில் வங்கியின் இணைய தளத்தைத் திறக்கிறோம். முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால், நாம் டைப் செய்யும் பாஸ்வேர்டை இடையில் யாரும் படிக்க முடியாது என நம்புகிறோம். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை டிஜிட்டல் சர்ட்டிபிகேட்தான். ஆனால், போனில் தவறான சர்ட்டிபிகேட் ஒன்று நுழைந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு பெயரளவில்தான் இருக்கும். அதனைக் கண்டறிந்து நீக்குவது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

எப்படி இயங்குகிறது?

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும், தான் யார் என்று காட்ட ஒரு சர்ட்டிபிகேட்டை அனுப்புகிறது. நிலப் பத்திரத்தில் சார்பதிவாளர் கையெழுத்து இருப்பதைப் போல, இதில் சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். இத்தகைய நிறுவனங்களின் பட்டியல் ரூட் சர்ட்டிபிகேட்கள் என்ற பெயரில் போனிலேயே பதியப்பட்டு வருகிறது. இவற்றில் எது கையெழுத்திட்டாலும் பொதுவாகப் போன் ஏற்றுக் கொள்ளும். சிக்கலும் இங்குதான் உள்ளது.

2011ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் நுழைந்த ஹேக்கர்கள், கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் 500க்கும் மேற்பட்ட போலி சர்ட்டிபிகேட்களைத் தயாரித்தனர். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை உளவு பார்க்க இவை பயன்பட்டன. பிரவுசர்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலானது.

2019 ஜூலையில் கஜகஸ்தானில் வேறு விதமாக நடந்தது. அரசின் ரூட் சர்ட்டிபிகேட்டை நிறுவும்படி வாடிக்கையாளர்களிடம் இணைய சேவை நிறுவனங்களே கூறின. நிறுவியவர்களின் தகவல்களை இடையில் பிரித்துப் படிக்க வழி ஏற்பட்டது. ஆகஸ்ட்டில் கூகுள், மொஸில்லா, ஆப்பிள் ஆகியவை தங்கள் பிரவுசர்களில் அதனைத் தடை செய்தன.

என்னைப் போன்ற மென்பொருள் பொறியாளர்கள், சோதனைப் போன்களில் இதே வழியைப் பயன்படுத்துகிறோம். சர்ட்டிபிகேட் ஒன்றை நிறுவி, இணைப்பைக் கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பினால், பிரவுசரில் டைப் செய்யும் பாஸ்வேர்ட் கம்ப்யூட்டர் திரையில் அப்படியே தெரியும். பிரவுசர் எச்சரிக்கை எதுவும் தராது. 2016ல் வந்த ஆண்ட்ராய்ட் 7 முதல், பயனாளர் நிறுவும் சர்ட்டிபிகேட்டைப் பெரும்பாலான அப்ளிகேஷன்கள் ஏற்பதில்லை. ஆனால் குரோம் பிரவுசர் ஏற்கிறது.

சோதிப்பது எப்படி?

1. ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று, செக்யூரிட்டி பிரிவில் என்கிரிப்ஷன் அண்ட் கிரெடென்ஷியல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பெயரும் இடமும் போனுக்குப் போன் சற்று மாறும்.

2. அடுத்து டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ் என்பதைத் தொடவும். சிஸ்டம், யூசர் என இரு டேப்கள் கிடைக்கும். சிஸ்டம் டேப்பில் உள்ளவை போனுடன் வந்தவை. இவற்றை முடக்க வேண்டாம். பல தளங்கள் திறக்காமல் போகலாம்.

3. யூசர் டேப் காலியாக இருந்தால் நல்லது. ஏதேனும் இருந்தால், அதனைத் தொட்டு, வழங்கியது யார் என்று பார்க்கவும். அலுவலகப் போன் எனில் ஐ.டி. பிரிவினரிடம் கேட்கவும். யாருடையது என்றே தெரியாவிட்டால் நீக்கிவிடவும்.

4. கிளியர் கிரெடென்ஷியல்ஸ் என்பதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அலுவலக வி.பி.என்., வை-பி ஆகியவற்றுக்காக நிறுவியவையும் சேர்ந்து அழிந்துவிடும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் எனச் சென்று, தெரியாத புரொபைல் இருந்தால் நீக்கவும்.

கல்லூரி வை-பி இணைப்புக்குச் சர்ட்டிபிகேட் தேவை என்றால், நிறுவும்போது வை-பி சர்ட்டிபிகேட் என்பதையே தேர்ந்தெடுக்கவும். அது அந்த இணைப்புக்கு மட்டுமே பயன்படும். சி.ஏ. சர்ட்டிபிகேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், போனில் பார்க்கும் தளங்களுக்கும் சேர்த்து அனுமதி தருகிறீர்கள்.

நல்ல போனிலும் சில நேரம் சர்ட்டிபிகேட் எச்சரிக்கை வரலாம். முதலில் போனின் தேதியைச் சரிபார்க்கவும். தேதி தவறாக இருந்தால் சரியான சர்ட்டிபிகேட்டும் காலாவதியானதாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்தில் எச்சரிக்கை தொடர்ந்தால், பாஸ்வேர்டை டைப் செய்யாமல் வெளியேறிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கியவர்கள் யூசர் டேப்பை இன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.