மௌனா லோவாவுக்கு மூட்டை கட்டுவோம்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் இருக்கின்றன ஹவாய்த் தீவுகள். அவற்றில் மிகப் பெரிய தீவின் ஏறக்குறைய பாதி நிலத்தை ஒரே ஓர் எரிமலை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் மௌனா லோவா. கடல்மட்டத்திலிருந்து 4169 மீட்டர் உயரம். இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை.

இதன் உச்சிக்கு நடந்தே போய்த் திரும்ப நான்கைந்து நாள் ஆகும். வழியில் கடை கிடையாது. சுமை தூக்க ஆளும் கிடையாது. எல்லாம் நம் முதுகில்தான். பெரியவர்களுக்கே கடினமான பயணம் இது. நீங்கள் கிளம்ப இன்னும் சில வருடங்கள் ஆகலாம். ஆனால் திட்டம் போட வயது தடையில்லை. ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மூட்டையில் போடும் ஒவ்வொரு பொருளுக்கும் மலையிடமிருந்து ஒரு காரணம் கிடைக்க வேண்டும். காரணம் இல்லாத பொருள் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் மலையின் உடம்பைத் தெரிந்துகொள்வோம். எரிமலை வரையச் சொன்னால் நீங்கள் கூர்மையான கூம்பு வரைவீர்கள். மௌனா லோவாவைத் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படி இருக்காது. வானத்துக்கு அடியில் மெல்ல எழுந்து மெல்லத் தாழும் ஒரு நீளமான கோடுதான் தெரியும். காரணம் அதன் லாவா. வெல்லப்பாகு இளம்பதத்தில் இருந்தால் தட்டில் பரவி ஓடும். முற்றிய பதத்தில் ஊற்றிய இடத்திலேயே குவியும். மௌனா லோவாவிலிருந்து வருவது இளம்பதம். பசால்ட் வகை லாவா அது. சிலிக்கா குறைவு, 1100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு. அதனால் வெகுதூரம் ஓடி, மெல்லிய அடுக்காகப் படிந்து உறைகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கின் மேல் அடுக்கு ஏறி இந்த மலை உருவானது. இப்படிப்பட்டவற்றைக் கேடய எரிமலைகள் என்கிறோம். கடலுக்கு அடியிலும் இந்த மலை இன்னும் 5 கிலோமீட்டர் இறங்குகிறது. இதன் பாரம் தாங்காமல் கடல்தளமே சுமார் 8 கிலோமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை கூட்டினால் 17 கிலோமீட்டர்! எனக்கு இந்த எண்ணை ஒவ்வொரு முறை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

இந்த உடம்புதான் நம் பாதையைத் தீர்மானிக்கிறது. நம் பக்கத்தில் வாகனச் சாலை முடியும் இடம் 2031 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 12 கிலோமீட்டர் நடந்தால் ரெட் ஹில் என்ற சிவந்த குன்று, 3059 மீட்டரில். அதற்கு மேல் சுமார் 19 கிலோமீட்டர் போனால் உச்சிக் குடில், 4039 மீட்டரில். மலையேறுபவர்கள் காலங்காலமாக இரவு தங்கிய இடங்கள் இவை இரண்டும். இப்போது ஒரு கணக்கு: 31 கிலோமீட்டர் நடையில் ஏறுவது சுமார் 2000 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 65 மீட்டர் போல. அவ்வளவுதானா என்று தோன்றும். சரிவு மென்மையானதுதான், தரை மென்மையானது இல்லை.

இங்கே தரை என்றால் உறைந்த லாவா. அதில் இரண்டு வகை. வழுவழுப்பான மேல்தோலோடு, கயிறு முறுக்கியது மாதிரி மடிப்புகளோடு உறைவது பஹோயிஹோயி. முள்ளும் கரடுமாக, உடைந்த கட்டிகளாக உறைவது ஆ-ஆ. இரண்டும் ஹவாய் மக்களின் சொற்கள். உலகம் முழுக்க நிலவியலாளர்கள் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். இரண்டின் வேதிப்பொருளும் ஒன்றேதான். வேகமாக ஓடி, ஓடும்போதே குளிர்ந்து கெட்டிப்பட்டு, மேல்தோல் கிழிந்துகொண்டே போகும் லாவா ஆ-ஆ ஆகிறது. அதன் முனைகளில் கண்ணாடித்தன்மை உண்டு. கை ஊன்றி விழுந்தால் தோல் கிழியும். ஆகவே பட்டியலில் முதல் வரி: தடித்த அடிப்பாகமுள்ள, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி. இரண்டாவது வரி: கையுறை. இரண்டுக்கும் மலை காரணம் சொல்லிவிட்டது.

அடுத்தது தண்ணீர். இதில்தான் கணக்கு கடுமையாகிறது. மலை அடிவாரத்தில் கடலோரமாக இருக்கும் ஹிலோ நகரத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதே மலையின் மேல்பகுதி ஏறக்குறைய பாலைவனம். ஏன்? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. சுமார் 2000 மீட்டர் உயரத்தில் அந்த மேகத்துக்கு ஒரு கூரை காத்திருக்கிறது. அங்கே காற்று வழக்கத்துக்கு மாறாக, மேலே போகப்போக வெப்பமாகிறது. வெப்பமான அந்த அடுக்கைத் துளைத்து மேகத்தால் ஏற முடிவதில்லை. பெரும்பாலான நாட்களில் மழை கீழேயே நின்றுவிடுகிறது. நாம் நடக்கப்போவது அந்தக் கூரைக்கு மேலே.

அங்கே அபூர்வமாக மழை பெய்தாலும் பயனில்லை. லாவாப் பாறை முழுக்கத் துளைகளும் வெடிப்புகளும். விழுந்த நீர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஓடை இல்லை, ஊற்று இல்லை, குளம் இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து நாளுக்கு 20 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 கிலோ தண்ணீரை மட்டும் சுமந்துகொண்டு யார் மலை ஏறுவது? அதனால்தான் குடில்களின் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்து வைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே, இந்தப் பாதையைக் கவனிக்கும் தேசியப் பூங்கா அலுவலகத்தில் கேட்டாக வேண்டும். இருந்தாலும் அதைக் கொதிக்க வைத்தோ, மருந்து போட்டுச் சுத்தம் செய்தோதான் குடிக்க வேண்டும்.

கொதிக்க வைப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேலே போகப்போக நம்மை அழுத்தும் காற்று குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ரெட் ஹில்லில் சுமார் 90 டிகிரியிலும், உச்சிக் குடிலில் சுமார் 87 டிகிரியிலும் தளதளவென்று கொதிக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. நம் வீட்டுக் குக்கர் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது. குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 டிகிரிவரை தூக்குகிறது. மலையிலோ துவரம்பருப்பு வேகவே வேகாது. அடுப்பு எரிவாயுதான் தீரும். எனவே வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உணவு, ஊறவைத்தாலே போதும் என்கிற அவல், வேர்க்கடலை, பேரீச்சம்பழம் இவை உள்ளே. பருப்பு வெளியே.

காற்று குறைகிறது என்றேனே, அதை விட்டுவிட முடியாது. இந்தப் பயணத்தில் மிக ஆபத்தான விஷயம் லாவா என்று நினைப்பீர்கள். பெரும்பாலானவர்களை வதைப்பது காற்றழுத்தம். உச்சியில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றே ஐதாகிவிட்டது. கீழே ஒரு மூச்சில் பத்து ஆக்சிஜன் மூலக்கூறு கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், மேலே ஆறுதான் கிடைக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். அதை மதிக்காமல் மேலும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நம் உடல் இதற்குப் பழகக்கூடியதுதான், அவகாசம் கொடுத்தால். முதலில் மூச்சு வேகமாகிறது. ஓரிரு நாளில் சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்து, அந்த வேகமான மூச்சுக்கு வழிவிடுகின்றன. வாரக்கணக்கில் இருந்தால் சிவப்பணுக்களும் கூடும். அதனால் மலையேற்ற மருத்துவர்கள் ஒரு விதி சொல்கிறார்கள்: 3000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. இப்போது நம் பாதையைப் பாருங்கள். ரெட் ஹில் 3059, உச்சிக் குடில் 4039. வித்தியாசம் 980 மீட்டர்! நடுவில் தங்க இடமும் இல்லை. என்ன செய்யலாம்? ரெட் ஹில்லில் இரண்டு இரவு தங்க வேண்டும். நடுவில் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் மேலே நடந்துவிட்டுத் தூங்கக் கீழே வந்துவிட வேண்டும். தலைவலி குறையாவிட்டால் ஏறவே கூடாது, இறங்குவதுதான் மருந்து. திட்டத்தில் எழுதும் "ஒரு நாள் சும்மா" என்ற வரி, மூட்டையில் எந்தப் பொருளையும்விட மதிப்பானது என்பேன்.

குளிரை வேகமாக முடித்துவிடலாம். ஹவாய், மும்பைக்குக் கொஞ்சம் வடக்கான அட்சரேகையில், வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. ஆனால் 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஹிலோவில் 27 டிகிரி என்றால் உச்சியில் எவ்வளவு? பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பீர்கள். அங்கே பனி பெய்வதுண்டு, பனிப்புயலும் உண்டு. கம்பளிக் குல்லாவும் கனமான தூக்கப்பையும் உள்ளே. அதே நேரம் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. ஆகவே குளிர்கண்ணாடியும் தொப்பியும்கூட.

வழி கண்டுபிடிப்பது எப்படி? பாறையில் கால்தடம் பதியாது. அதனால் கற்களைக் குவித்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஹவாய் மொழியில் அவற்றுக்கு ஆஹு என்று பெயர். மூடுபனி இறங்கினால், அடுத்த ஆஹு கண்ணில் படும்வரை நிற்கும் ஆஹுவை விட்டு நகரக் கூடாது. விளையாட்டாக நாமே கல் குவிக்கவும் கூடாது. பின்னால் வருபவர் வழி தவறிவிடுவார்.

வழியை யாரிடம் கேட்பது என்பதற்கு இரண்டு பழைய கதைகள் இருக்கின்றன. 1794 பிப்ரவரியில் ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் என்ற ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் இந்த உச்சியை அடைந்தார். அதற்கு முன் அவர் செய்த முயற்சிகள் தோற்றிருந்தன. தீவின் மன்னர் கமேஹமேஹாவிடம் யோசனை கேட்டார். மன்னர் சொன்னபடி படகில் தெற்குப் பக்கம் போய், ஹவாய் மக்களின் பழைய ஐனாபோ பாதையில் ஏறினார். உச்சியில் தன் காற்றழுத்தமானியை வைத்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். இன்றைய அளவுக்கும் அவர் கணக்குக்கும் 50 மீட்டர்கூட வித்தியாசம் இல்லை! 1840-இல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் வில்க்ஸ் வந்தார். உச்சியில் ஊசல் வைத்துப் புவியீர்ப்பை அளப்பது அவர் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் இருந்த பாதையை விட்டுவிட்டு, திசைகாட்டியை நம்பி நேர்கோட்டில் லாவாவைக் கடக்கப் பார்த்தார். அவருக்காகச் சுமை தூக்கிய நூற்றுக்கணக்கான ஹவாய் மக்கள் தாகத்திலும் குளிரிலும் உயர நோயிலும் அவதிப்பட்டார்கள். உள்ளூர்க்காரர் சொல்லும் வழியை நான் எந்தக் கருவிக்கும் முன்னால் வைக்கிறேன்.

இந்த மலைச்சரிவில் 3397 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. நம் தண்ணீர்க் கணக்கைக் கடினமாக்கிய அதே மேகக் கூரைதான் அது அங்கே இருக்கக் காரணம். கீழே இருக்கும் புகையும் ஈரமும் அதைத் தாண்டி எளிதில் வருவதில்லை. மேலே நடுக்கடலின் சுத்தமான காற்று. 1958-இல் சார்லஸ் கீலிங் இங்கே கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம்வரை ஏறி, வடபகுதித் தாவரங்கள் தழைக்கும் கோடையில் இறங்கும் ஒரு சின்ன அலையும் அந்த வரைபடத்தில் தெரியும். பூமியின் செடிகொடிகள் சேர்ந்து மூச்சு விடுவதை ஒரு மலையிலிருந்து பார்த்துவிட்டார் கீலிங்.

2022 நவம்பர் 28 அன்று அந்த ஆய்வகத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பிகளையும் லாவா மூடியது. முந்தைய நாள் இரவு, 38 ஆண்டு அமைதிக்குப் பிறகு, மௌனா லோவா வெடித்திருந்தது. முதலில் உச்சிப் பள்ளத்துக்குள். பிறகு ரெட் ஹில் நிற்கும் அதே வடகிழக்குப் பிளவு மண்டலத்தில். அன்று மலைமேல் மலையேறுபவர்கள் இருந்திருந்தால்?

யாரும் இல்லை. காரணம், 1912-இலிருந்து ஹவாய் எரிமலை ஆய்வகம் இந்த மலைகளின் நாடி பார்த்து வருகிறது. நிலநடுக்கமானிகள் பாறை உடையும் சிறு அதிர்வுகளைக் கேட்கின்றன. சாய்வுமானிகளும் ஜிபிஎஸ் கருவிகளும், அடியில் உருகிய பாறையான மாக்மா நிரம்பும்போது மலை மில்லிமீட்டர் கணக்கில் உப்புவதைக் காட்டுகின்றன. 2022 செப்டம்பரில் அதிர்வுகள் கூடின. அக்டோபர் 5 அன்று தேசியப் பூங்கா உச்சிப் பகுதியை மூடிவிட்டது. வெடிப்பு வந்தது ஏழு வாரங்களுக்குப் பிறகு.

எரிமலையின் நிலையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் அந்த ஆய்வகம் அறிவிக்கிறது. நம் காகிதத்தின் கடைசியில் இதற்கு ஓர் இடம் விடுங்கள். கிளம்பும் நாள் காலையில் நிறத்தைப் பார்த்து எழுத வேண்டும், பூங்கா அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், எந்தப் பாதை, எந்தக் குடில் திறந்திருக்கிறது என்று கேட்க வேண்டும், திரும்பும் தேதியை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைக்க வேண்டும். மூடியிருக்கிறது என்று அலுவலகம் சொன்னால், எவ்வளவு ஆசையாகக் கட்டிய மூட்டையானாலும் பிரித்து வைத்துவிட்டு அடுத்த வருடத்துக்கு ஒரு தேதி பார்ப்போம்.